ஜப்பானைக் கண்டு எழுதியவர்கள்



ஜப்பான் என்ற பெயரைக் கேட்டதும் நம் கண்முன் தோன்றுவன யாவை? பனி மூடிய ஃபூஜி மலை, செர்ரி மலர்கள், கிமோனோ அணிந்த பெண்கள், காற்றென விரையும் ரயில் வண்டி! புவியியல் பாடநூல் இன்னும் சிறிது கூறும். ஹொக்கைடோ, ஹொன்ஷு, ஷிக்கோகு, கியூஷு என்னும் நான்கு பெருந்தீவுகளும் எண்ணற்ற சிறுதீவுகளும் கொண்ட நாடு அது, மலைகள் மிகுந்தது, நிலநடுக்கம் அடிக்கடி நேர்வது. ஆனால் அந்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பொழுது எப்படிப் புலருகிறது? பள்ளி விட்டதும் சிறுமியர் என்ன செய்கின்றனர்? முன்பின் அறியாத ஒருவர் வாசலில் வந்து நின்றால் வீட்டார் எப்படி வரவேற்கின்றனர்? இவற்றைப் பாடநூல் கூறுவதில்லை. இவற்றை நமக்குக் கூறுபவர்கள் பயண எழுத்தாளர்களே. அவர்களுடைய தொழில் எத்தகையது, அதில் சிறந்தது எது, தவறானது எது என்பதை ஜப்பானைப் பற்றி எழுதியவர்களின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

யார் இவர்கள்?

பயண எழுத்தாளருள் சிலர் பத்திரிகை அலுவலகத்தில் மாதச் சம்பளம் பெறுபவர்கள். பலர் அப்படியல்லர். தாமே ஊரைத் தேர்ந்து, தாமே சென்று, தங்கி, பார்த்து, எழுதி, அதனை ஏற்கும் பத்திரிகைக்கோ பதிப்பகத்துக்கோ கொடுத்துக் கட்டுரைக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறுபவர்கள். இவர்களைச் சுயேச்சை எழுத்தாளர்கள் என்கிறோம். இவர்களுக்கு மேலதிகாரி இல்லை, ஓய்வூதியமும் இல்லை. கால்களும் கண்களும் குறிப்பேடுமே இவர்களுடைய முதல்.

ஜப்பானை நேரில் கண்டு வெளியுலகுக்கு எழுதிய தொடக்கக் காலத்தவருள் ஒருவரை நாம் நன்கு அறிவோம். அவர் புனித பிரான்சிஸ் சவேரியார். நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்த அவர், 1549ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் ஜப்பானின் காகோஷிமா துறைமுகத்தில் இறங்கினார். அதே ஆண்டு நவம்பரில் அவர் எழுதிய நீண்ட கடிதத்தில், அம்மக்கள் செல்வத்தைவிட மானத்தைப் பெரிதாக மதிப்பதையும், அவர்களுள் எழுத்தறிந்தோர் பலர் இருப்பதையும் வியந்து குறித்துள்ளார். சமயப் பணிக்காகச் சென்றவர் அவர். எனினும் அக்கடிதம் அந்நாட்டைப் பற்றிய சிறந்த நேர்முகச் சான்றாக விளங்குகிறது.

தமிழிலும் இத்துறையில் முன்னோடிகள் உண்டு. காந்தியடிகளைப் பற்றி 1940இல் ஆவணப்படம் வெளியிட்ட ஏ.கே. செட்டியார், அதற்கு முன்னர் டோக்கியோவில் ஒளிப்படக் கலை பயின்றவர். அந்நாட்டைப் பற்றித் தமிழில் எழுதியவர். நாவலாசிரியர் தி. ஜானகிராமனும் தம் ஜப்பான் பயணத்தை 'உதயசூரியன்' என்னும் நூலாக எழுதினார்.

ஒரு பெண்மணியின் 1200 மைல்

சவேரியாருக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஜப்பானுக்குச் சென்ற ஒரு பெண்மணியின் வரலாறு நாம் ஒவ்வொருவரும் அறிய வேண்டியதாகும். அவர் பெயர் இசபெல்லா பேர்டு. 1831இல் இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் பிறந்தவர். இளமை முதலே முதுகுத்தண்டு நோயால் வருந்தியவர். வெளியூர்ப் பயணம் உடல்நலத்துக்கு உதவும் என்று மருத்துவர் கூறவே பயணம் செய்யத் தொடங்கினார்.

1878ஆம் ஆண்டு மே மாதம் யோகோஹாமாவில் கப்பலிலிருந்து இறங்கியபோது அவருக்கு வயது 46. அக்காலத்தில் அயல்நாட்டவர் சில துறைமுக நகரங்களில் மட்டுமே தடையின்றி வாழலாம். உள்நாட்டுக்குச் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். அச்சீட்டில் பல கட்டளைகள் இருந்தன. காட்டில் தீ மூட்டலாகாது. வயல்களில் அத்துமீறி நுழையலாகாது. கோயில்களிலும் சுவர்களிலும் கிறுக்கலாகாது. குறுகிய சாலையில் வண்டியை வேகமாக ஓட்டலாகாது! இன்றைய சுற்றுலாப் பயணியருக்கும் இவை பொருந்தும் அன்றோ?

ஜூன் மாதம் 10ஆம் நாள் அவர் டோக்கியோவை விட்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டார். உடன் சென்றவன் இட்டோ என்னும் 18 வயது மொழிபெயர்ப்பாளன் ஒருவனே. மனிதர் இழுக்கும் ரிக்‌ஷாவிலும், பொதி குதிரையிலும், சேற்றுப் பாதையில் கால்நடையாகவும் சென்றார். மழையும் விடுதிகளின் தெள்ளுப்பூச்சிகளும் அவரைப் படாதபாடு படுத்தின. முதல் இரவு தங்கிய விடுதியில் அறைக்குக் கனத்த கதவில்லை. காகிதம் ஒட்டிய தட்டிகளே இருந்தன. அவற்றின் ஓட்டைகள் வழியே ஊரார் கண்கள் எட்டிப் பார்த்தன! அச்சத்தால் அவருக்கு உறக்கம் வரவில்லை. ஆனால் பயணத்தின் முடிவில் அவர் எழுதியது என்ன? ஏறத்தாழ 1200 மைல் உள்நாட்டில் சுற்றியும் தமக்கு ஒரு தீங்கும் நேரவில்லை என்றும், பெண் ஒருத்தி இவ்வளவு பாதுகாப்பாகப் பயணம் செய்யக்கூடிய நாடு வேறில்லை என்றே நம்புவதாகவும் எழுதினார். முதல் நாளின் அச்சத்தை அவர் மறைக்கவில்லை. பின்னர் அது பொய்யானதையும் மறைக்கவில்லை. இரண்டையும் எழுதியதனாலேயே நாம் அவரை நம்புகிறோம்.

அவர் பெரிய கோயில்களை மட்டும் வருணித்துவிட்டு அமையவில்லை. சிறு நிகழ்ச்சிகளையும் எழுதினார். ஒருநாள் அவருடைய மூட்டையில் ஒரு தோல்வார் காணாமற்போயிற்று. குதிரைக்காரர் இருட்டிய பின்னும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் திரும்பி நடந்து தேடச் சென்றார். அதற்காகப் பணம் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். பொருள்கள் எல்லாவற்றையும் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தம் பொறுப்பு என்பதே அவர் கூறிய காரணம். டெனோகோ என்னும் சிற்றூரில் வெயிலால் வாடிய பேர்டுக்கு அவ்வீட்டுப் பெண்கள் ஒரு மணி நேரம் விசிறியால் வீசினர். அவர்களும் காசு வாங்கவில்லை. இனிப்புப் பொட்டலம் ஒன்றைக் கட்டிக் கொடுத்து அனுப்பினர்!

நிக்கோ என்னும் மலையூரில் கனாயா என்பவர் வீட்டில் தங்கியிருந்தபோது கண்ட சிறுவர் விருந்தையும் அவர் எழுதியுள்ளார். அவ்வீட்டுச் சிறுமி ஹாருவுக்கு வயது 12. முறையான அழைப்பிதழ்கள் அவள் பெயரிலேயே சென்றன. வந்த தோழியரை அவளே கற்படிகளின் மேல் நின்று வரவேற்று, ஒவ்வொருவராக உள்ளே அழைத்துச் சென்றாள். மன்னர்களின் பெயர்களும் போர்களின் ஆண்டுகளும் நமக்கு மறந்து போகலாம். படிக்கட்டின் மேல் நின்று தோழியரை வணங்கி வரவேற்கும் அச்சிறுமியை மறக்க முடியுமா? நம் வயதையொத்த ஒருத்தி நூற்றாண்டுகளைக் கடந்து நம்மிடம் வந்துவிடுகிறாள்.

தங்கை ஹென்றியட்டாவுக்கு எழுதிய கடிதங்களே பின்னர் நூலாயின. 1880இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக அந்நூல் வெளிவந்தது. 1892இல் இங்கிலாந்தின் அரச புவியியல் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தபோது, முதலில் சேர்க்கப்பட்டவர்களுள் இவரும் ஒருவர். அடுத்த ஆண்டே அக்கழகம் இனிப் பெண்கள் வேண்டாம் என்று கதவை மூடியது. 1913இல்தான் மீண்டும் திறந்தது. ஆயிரம் மைல் கடந்தவர்க்கும் ஒரு வாசற்படியைக் கடப்பது அரிதாயிருந்தது!

அவர் எழுத்தில் உள்ள குறை

பேர்டின் நூலில் குறையே இல்லை என்று நாம் கூறமாட்டோம். ஹொக்கைடோ தீவில் அவர் ஐனு என்னும் பழங்குடி மக்களுடன் தங்கினார். பிராட்டோரி என்ற ஊரில் தலைவரின் குடிசையில் உறங்கி, அவர்களுடைய உணவு, உடை, வழிபாடு ஆகியவற்றைக் கேட்டுக் குறித்தார். அக்குறிப்புகள் இன்றும் பயன்படுகின்றன. ஆனால் தமக்கு இடம் கொடுத்து உபசரித்த அம்மக்களையே அவர் காட்டுமிராண்டிகள் என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தார். வறிய சிற்றூர்களைப் பற்றி எழுதும்போதும் அவர் சொற்கள் சில இடங்களில் மிகக் கடுமையாக உள்ளன.

அக்காலத்து ஐரோப்பியர் பலரும் அவ்வாறே எழுதினர் என்பது உண்மையே. ஆயினும் எழுதப்பட்ட சொல் எளிதில் அழியாது. ஐனு மக்களைப் பழங்குடியினர் என ஜப்பானியச் சட்டம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது 2019இல்தான். அடுத்த ஆண்டு ஷிரவோய் என்னும் ஊரில் அவர்களுக்கெனத் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தம் மொழியையும் மானத்தையும் காக்க அவர்கள் அத்தனை காலம் போராட வேண்டியிருந்தது. நம்மைப் பற்றி அயலார் ஒருவர் இழிவாக எழுதினால் நம் மனம் எவ்வளவு வருந்தும்! எழுதுகோலை எடுப்பவர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குறிப்பேடும் கற்பனையும்

ஜப்பானியரும் சிறந்த பயண எழுத்தாளர்களே. மாட்சுவோ பாஷோ என்னும் கவிஞர் 1689இல் இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 2400 கிலோமீட்டர் பயணம் செய்தார். அதைப்பற்றி அவர் எழுதிய நூல் அவர் இறந்தபின் 1702இல் அச்சேறி, அந்நாட்டு இலக்கியத்தின் மணிமுடியாக இன்றும் போற்றப்படுகிறது. அவருடன் சென்ற சோரா என்னும் சீடரும் நாள்தோறும் ஒரு குறிப்பேடு எழுதி வந்தார். அது 1943இல் வெளியானபோது அறிஞர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். நாட்களும் நிகழ்ச்சிகளும் சில இடங்களில் மாறியிருந்தன! இலக்கியச் சுவைக்காகப் பாஷோ நிகழ்ச்சிகளை மாற்றி அமைத்திருந்தார் என்பது தெரிய வந்தது.

கவிஞருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் வழிகாட்ட எழுதுபவருக்கு அது இல்லை. அவர் எழுதியதை நம்பி ஒருவர் பணம் செலவழித்துப் புறப்படுகிறார். ரயில் எத்தனை மணிக்கு, அறை வாடகை எவ்வளவு, மலைப்பாதை எந்த மாதத்தில் பனியால் மூடப்படும் என்பவற்றில் கற்பனைக்கு இடமில்லை. பாஷோவின் அழகும் வேண்டும். சோராவின் குறிப்பேடும் வேண்டும்.

தங்கிப் பார்த்தவர்

லாஃப்காடியோ ஹெர்ன் என்பவர் 1850இல் கிரேக்கத் தீவொன்றில் பிறந்து, அமெரிக்காவில் செய்தியாளராகப் பணியாற்றியவர். 1890இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்காக ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார். உடன் வந்த ஓவியருக்குத் தம்மைவிட அதிக ஊதியம் என்று அறிந்ததும் அந்த ஒப்பந்தத்தை உதறிவிட்டார். பின்னர் மாட்சுவே என்ற சிறு நகரில் ஆங்கில ஆசிரியராக அமர்ந்தார். கொய்சுமி செட்சு என்னும் பெண்மணியை மணந்து, 1896இல் ஜப்பானியக் குடிமகனாகி, கொய்சுமி யாகுமோ என்று பெயரும் மாற்றிக்கொண்டார்.

ஹெர்னுக்கு இளமையிலேயே ஒரு கண் பார்வை போய்விட்டது. ஆயினும் அவர் காதால் கண்டார் எனலாம். மாட்சுவேயின் விடியற்காலையை அவர் ஒலிகளாலேயே காட்டுகிறார். நெல் குத்தும் உலக்கையின் அதிர்வு, கோயில் மணியோசை, எழும் ஞாயிற்றை வணங்குவோரின் கைதட்டல், பாலத்தின் மீது மரச்செருப்புகள் எழுப்பும் கலகலப்பு! ஒரு நாளில் வந்து போகிறவருக்கு இவை கிட்டா. ஊரோடு ஒன்றி வாழ்ந்தவர்க்கே கிட்டும்.

ஆலன் பூத் என்னும் ஆங்கிலேயர் 1977இல் ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளின் வடகோடியாகிய சோயா முனையிலிருந்து தென்கோடியாகிய சாட்டா முனை வரை 128 நாட்கள் நடந்தே சென்றார். வழியில் பலர் வண்டியில் ஏறிக்கொள்ளுமாறு அழைத்தும் அவர் ஏறவில்லை. ஜப்பானிய மொழி நன்கு அறிந்தவராதலால் கடைக்காரர், மீனவர், சிறுவர் என அனைவரிடமும் உரையாட முடிந்தது. மெதுவாகச் செல்பவரே மிகுதியாகக் காண்கிறார் என்பதற்கு 1985இல் வெளிவந்த அவருடைய நூலே சான்று.

'ஏன்?' என்று கேட்போம்

அயலார் வழக்கம் ஒன்றைக் கண்டதும் "என்ன விந்தை!" என்று எழுதிவிடுவது எளிது. 'ஏன்?' என்று கேட்பதே எழுத்தாளரின் கடமை. ஜப்பானில் பொதுக் குளியலிடங்கள் உண்டு. அங்கே வெந்நீர்த் தொட்டியில் இறங்குமுன் வெளியிலேயே சோப்பிட்டு உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். ஏன்? தொட்டி நீர் அனைவருக்கும் பொது. தொட்டி அழுக்குத் தீர்ப்பதற்கு அன்று, களைப்புத் தீர்ப்பதற்கே.

அந்நாட்டுப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் மாணவர்களே பெருக்கித் துடைக்கின்றனர். தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவை முறை வைத்து மாணவர்களே பரிமாறுகின்றனர். பணியாளை அமர்த்தப் பணமில்லாமல் அன்று. பொது இடத்தைப் பேணுவதும் கல்வியின் ஒரு பகுதி என்னும் எண்ணத்தால்தான். காரணத்தை அறிந்ததும் விந்தை மறைந்து மதிப்பு பிறக்கிறது. 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம் பெரியோர் கூறுவர். பயண எழுத்துக்கு இதனினும் சிறந்த விதி வேறில்லை.

பிழைப்புக்கு உதவுமா?

இக்கட்டுரையைப் படிக்கும் பெற்றோர் இக்கேள்வியைக் கேட்பர்; கேட்பதும் நியாயமே. சுயேச்சை எழுத்தாளருக்கு மாதந்தோறும் ஒரே அளவு வருமானம் வராது. பயணச் செலவை முதலில் தாமே ஏற்க வேண்டும். அனுப்பிய கட்டுரை திரும்பி வரவும் கூடும். ஆகவே பலர் ஹெர்னைப் போல வேறொரு தொழிலும் செய்துகொண்டே எழுதுகின்றனர். ஒரே பயணத்தைக் கொண்டு உணவு பற்றி ஒன்று, கைத்தொழில் பற்றி ஒன்று, திருவிழா பற்றி ஒன்று எனப் பல கட்டுரைகள் எழுதுவதும் உண்டு.

இங்கு ஒரு சோதனை வருகிறது. விடுதிக்காரர்களும் சுற்றுலா நிறுவனங்களும் எழுத்தாளரை இலவசமாக அழைத்துத் தங்க வைப்பதுண்டு. உண்ட வீட்டைக் குறை கூற யாருக்கு மனம் வரும்? எனவே, பிறர் செலவில் சென்றிருந்தால் அதனைக் கட்டுரையிலேயே வெளிப்படையாகக் கூறிவிட வேண்டும். இதுவே நேர்மையான முறை.

எழுத்தால் வரும் நன்மையும் தீமையும்

2024ஆம் ஆண்டில் மட்டும் 3 கோடியே 68 லட்சத்துக்கும் அதிகமான அயல்நாட்டினர் ஜப்பானுக்கு வந்தனர். இதனால் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் வருவாய் உண்டு, தொல்லையும் உண்டு. ஃபூஜிகவாகுச்சிகோ என்னும் ஊரில் ஒரு கடையின் பின்னே ஃபூஜி மலை எழுவதுபோல் தோன்றும் இடம் ஒன்று படங்களால் புகழ் பெற்றது. படமெடுக்க வந்தவர்கள் சாலையின் குறுக்கே ஓடினர், குப்பை போட்டனர். ஊரார் வேறு வழியின்றி 2024 மே மாதம் மலையை மறைத்துக் கருந்திரை கட்டினர். ஆகஸ்டில்தான் அதனை அகற்றினர். கியோட்டோவின் கியோன் பகுதியிலும் அதே ஆண்டில் சில தனியார் சந்துகளில் சுற்றுலாப் பயணியர் நுழையத் தடை விதிக்கப்பட்டது. 'அழகான இடம், போய்ப் பாருங்கள்' என்று எழுதினால் மட்டும் போதாது. அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதையும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

நன்மைக்கும் ஒரு சான்று கூறுவோம். நோட்டோ தீபகற்பத்தில் வாஜிமா என்னும் கடற்கரை ஊர் உண்டு. அதன் காலைச் சந்தை நெடுங்காலமாகப் புகழ் பெற்றது. மீனும் காய்கறியும் விற்பவர்களுள் பெரும்பாலோர் பெண்களே. 2024 ஜனவரி 1ஆம் நாள், புத்தாண்டு மாலையில், பெரும் நிலநடுக்கம் அவ்வூரைத் தாக்கியது. தொடர்ந்து எழுந்த தீயில் அச்சந்தைத் தெரு எரிந்து சாம்பலாயிற்று. ஆயினும் அப்பெண்கள் சோர்ந்துவிடவில்லை. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் கனசாவா நகரில் வேறோர் இடத்தில் தங்கள் சந்தையைக் கூட்டினர்.

அத்தெருவை முன்பு கண்டு எழுதியவர்களின் கட்டுரைகளை இப்போது எண்ணிப் பாருங்கள். 'நாள்தோறும் அத்தெருவில் சந்தை கூடும்' என்று அச்சிட்ட வழிகாட்டி நூல் ஒரே இரவில் பழையதாகிவிட்டது. ஆனால் எந்த மூலையில் எந்தப் பாட்டி அமர்ந்திருந்தார், கருவாட்டை எப்படி அடுக்கியிருந்தார், பேரம் பேசியவரிடம் என்ன கூறிச் சிரித்தார் என்று எவரேனும் எழுதியிருந்தால், அது பழையதாகவில்லை. இல்லாமற்போன தெருவை அவ்வூர்க் குழந்தைகளுக்குக் காட்டும் செல்வமாகிவிட்டது!

முடிவுரை

ஆகவே தோழியரே, பயண எழுத்து என்பது ஊர் சுற்றிப் பொழுது போக்குவது அன்று. தம் வீட்டுக் கதவைத் திறந்து நம்மை உள்ளே விட்டவர்களைப் பற்றி, அவர்கள் நேரில் படித்தாலும் தலை குனியாமல் நிற்கும்படி, உண்மையை எழுதுவதே அது. ஹாருவும் குதிரைக்காரரும் விசிறி வீசிய பெண்களும் பேர்டின் நூலைப் படித்திருக்க முடியாது. படித்திருந்தால் தங்களை அதில் கண்டு மகிழ்ந்திருப்பர். ஐனு மக்கள் படித்திருந்தால் மனம் புண்பட்டிருப்பர். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அறிந்தவரே நல்ல எழுத்தாளர்.

இதற்கு ஜப்பான் வரை செல்லவேண்டும் என்பதில்லை. அடுத்த முறை நாம் கல்விச் சுற்றுலாவுக்குப் புறப்படும்போது தின்பண்டப் பையுடன் ஒரு சிறு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்வோம். கண்டதை அன்றே குறிப்போம், விலையையும் தொலைவையும் சரியாக எழுதுவோம், தெரியாததைக் கேட்டறிவோம், நமக்குத் தண்ணீர் கொடுத்தவரின் முகத்தை மறவாமல் எழுதுவோம். அக்குறிப்பேடுகளிலிருந்து நாளை ஒரு நல்ல எழுத்தாளர் நம்மிடையேயும் தோன்றலாம் அன்றோ?